கறுப்புச் சந்தனம்

சாரங்கா பெட்டிக்குள் வைக்கப்போன சித்திரத் தாளைக் கமலநாயகி பறித்தாள். யேர்மனியின் வுப்பர்டால் நகரத் தகன மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. வெளியே உலகக் கிண்ண உதைபந்தாட்டக் கொடி கட்டிய கார்கள் ஹோர்ன் ஊதிக்கொண்டு போயின.

“அப்பா கடைசியாக் கீறினது அம்மா. அவரோடை போகட்டும்.”

“கறுப்பு ஒண்டும் இவரோடை போகாது. இவ்வளவு நாளும் நான் பாத்தது காணும்.”

மாரடைப்பில் போகும்வரை அவளுடைய கணவர் இராசலிங்கம் கீறியது ஒரே பூவைத்தான். வேலையால் வந்ததும் வராததுமாய்க் கறுத்தக் கல்லில் சீன மைக்கட்டியைத் தேய்க்கத் தொடங்கிவிடுவார். மாலை வகுப்பில் ஒரு சீனக் கிழவர் பழக்கிவிட்ட ஓர்க்கிட் பூ. இரண்டு இலை குறுக்கிட்டுக் கண்போல் வர வேண்டுமாம், மூன்றாவது அந்தக் கண்ணை ஊடறுத்துப் போக வேண்டுமாம், இழுத்த கோட்டைத் திருத்தவே கூடாதாம். கமலநாயகிக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமைதான். ஒரு பூவைப் பார்த்துப் பொறாமை என்றால் ஊர் சிரிக்கும்.

“மண்ணுமில்லை, சட்டியுமில்லை, இதென்ன பூ?” என்று ஒருநாள் கேட்டாள்.

“நாடு பறிபோன சீனர் இப்பிடித்தான் கீறினவை. வேர் வைக்க மண்ணில்லை எண்டு.”

“கீறி? நாடு திரும்பி வந்ததோ?”

அதற்குப் பிறகு அவர் அவளுக்கு எதையும் விளக்கியதில்லை.

இராசலிங்கத்தின் அக்கா வேதவல்லி மண்டப மூலையில் குந்தியிருந்து சந்தனம் அரைத்தாள். பீலெஃபெல்ட் நகரத்திலிருந்து வந்திறங்கிய நேரந்தொட்டு, தம்பியைப் பட்டினி போட்டுக் கொன்றவளைப் பார்ப்பதுபோலவே கமலநாயகியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூள் சந்தனம் ஆகாதென்று, தம்பியின் மேசையில் கிடந்த கறுத்தக் கல்லைச் சந்தனக்கல் என்று நினைத்துத் தூக்கி வந்திருந்தாள். மையில் ஊறிய கல் அது. கல்லில் தெரியாத கறுப்பு, அவள் சந்தனத்தை விரலால் அள்ளி வைத்ததும் தம்பியின் நெற்றியில் தெரிந்தது.

“ஐயோ! எரிக்க முதலே என்ரை தம்பியின்ரை முகத்திலை கரி பூச வைச்சிட்டாளே! கல்லிலை என்னடி வைச்சிருந்தனீ?”

சனம் மொத்தமும் கமலநாயகியைப் பார்த்தது. வேதவல்லி சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். மை நெற்றி முழுக்க இழுபட்டது.

கமலநாயகி அவளுடைய கையைப் பிடித்துத் தள்ளினாள்.

“விடுங்கோ மச்சாள். அது அவரின்ரை மை. அவரின்ரை கல்லு. தொடாதேங்கோ.”

“நீதானே கறுப்புப் போகாதெண்டனீ!”

“நான் சொல்லுவன். நீங்கள் ஆர்?”

மகள் பக்கம் திரும்பாமலே தாளை நீட்டினாள். “வை.”

சாரங்கா அழுதுகொண்டே அப்பாவின் கைகளைத் தூக்கி, அவற்றின் கீழே தாளை வைத்தாள். அப்போதுதான் கமலநாயகி அந்த விரல்களைப் பார்த்தாள். சோற்றில் கை வைக்க முதல் நகத்தைத் தேய்ச்சுக் கழுவுங்கோ என்று அவள் கத்தாத நாளில்லை. கழுவினாலும் கறுப்புப் போனதில்லை. இப்போது நகங்களெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

“இதை ஆர் கழுவினது?”

உடலைக் கழுவி உடுத்திவிட்டுப் பெட்டியை மூட நின்ற யேர்மன்காரன் விளங்காமல் சாரங்காவைப் பார்த்தான்.

“கேளடி அவனை. ஆர் கழுவச் சொன்னது?”