காலை வண்டி நிற்பதில்லை

எங்கள் ஊரில் இருப்பது எழுபது பேர். ரயில் நிலையத்து வாசலில் இருநூறு கார்கள் நிறுத்தலாம். அதிவேக ரயில் எங்கள் மலைக்கும் வர வேண்டும் என்று வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவள் என் மனைவி ஒப்துலியா. ஊர் மேயர் அவள்தான். அரசாங்கம் கோடிக்கணக்கில் யூரோவைக் கொட்டியது. வண்டியும் வந்தது. அதை நம்பி நர்ஸ் லியோனோர் சமோரா நகரத்தில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே குடிவந்தாள். காலையில் ஏறினால் அரை மணியில் சமோரா ஆஸ்பத்திரியில் இருப்பாள்.

போன இலையுதிர் காலத்தில் வண்டிகளின் நேரத்தை மாற்றினார்கள். காலை வண்டி எங்கள் ஊரில் நிற்காமல் சீறிக்கொண்டு போனது.

ஒப்துலியா முறையிட மாட்ரிட்டுக்குப் போனாள், பஸ்ஸில். நானும் கூடப் போனேன்.

"காலைல உங்க ஊர்ல ஏற ஆளே இல்லையேம்மா," என்றார் ரயில்வே அதிகாரி.

"நிக்காத வண்டியில எப்படிங்க ஏறுறது?"

"ஆள் ஏறினா நிக்கும்."

"நின்னாத்தானே ஏறுவாங்க!"

"ரெண்டு பேருக்காக முன்னூறு பேர் லேட்டாப் போகணுமா? மக்களோட வரிப்பணம்மா."

"அப்ப எதுக்கு அங்க ஸ்டேஷன் கட்டினீங்க?"

"நீங்கதானே கேட்டீங்க?"

அந்த வார்த்தை அவளைச் சுட்டுவிட்டது. ஊருக்கு வந்ததும் எல்லாரையும் பாரில் கூட்டினாள். "கூட்டம்தானே வேணும் அவங்களுக்கு? காட்டுவோம்."

சமோரா போகும் மாலை வண்டி மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. குளிர்காலம் முழுக்க சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து அதில் போனோம். அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டு, திரும்ப வண்டி இல்லாததால் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்தோம்.

"ஒப்துலியா, என் இடுப்பு போச்சு. இதையும் அவங்க செலவுல சேர்த்துக்கச் சொல்லு," என்று பார்க்காரர் பவுதிலியோ திட்டுவார். திட்டிக்கொண்டே மறுநாளும் வருவார்.

வசந்தத்தில் அதிகாரி போன் செய்தார். "அசத்திட்டீங்கம்மா! இன்னொரு வண்டியையும் உங்க ஊர்ல நிறுத்தப் போறோம்."

"காலைலயா?"

"சாயங்காலம்தான். அப்பதானே உங்க ஊர்ல கூட்டம்?"

ஒப்துலியா போனை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டாள். லியோனோர் முந்தைய வாரம்தான் மறுபடி சமோராவில் அறை பார்த்துக்கொண்டு போயிருந்தாள்.

"தொடக்க விழாவுக்கு நானே வர்றேன்," என்றார் அதிகாரி.

"எந்த வண்டியிலங்க?" என்று கேட்டேன்.

"கார்லதான். விழாவைக் காலைல வச்சிருக்கோமே."

விழா அன்று ஒப்துலியா ஊரில் இல்லை. விடிந்ததும் பஸ் பிடித்து, அந்த அதிகாரிக்கும் மேலே இருப்பவரைப் பார்க்க மாட்ரிட் போயிருந்தாள்.