தேன் தொட்ட விரல்

அவன் வைத்திருப்பான் என்றுதானே நினைத்தாள், வேறென்ன நினைப்பது, வீட்டில் இருப்பதே இரண்டு பேர், ஒருத்தி வைக்கவில்லையென்றால் இன்னொருவன் வைத்திருப்பான், இதற்கெல்லாம் பேச வேண்டுமா என்ன... ஆனால் பேசியிருக்கலாம், ஒரே ஒரு வார்த்தை, சாப்பாடு வச்சாச்சா என்று, தெருவில் போகிற யாரிடமும் கேட்கக்கூடிய ஒரு கேள்வி. விலங்கு மருத்துவரின் வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலி முதுகைக் குத்தியது. ஒரு நாற்காலி தள்ளி அவள் கணவன், குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை முடித்து நேராக வந்தவன், இன்னும் அந்தத் தடித்த கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் சுவரிலிருந்த நாய்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கழுத்திலிருந்து தொங்கிய துணிப்பைக்குள் பொடிசு தூங்கியது, தூங்குகிறதா, தொட்டுப் பார்க்கலாமா, வேண்டாம், எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தபோது இருந்த நடுக்கம் இப்போதுதான் நின்றது, நின்றதா அல்லது நடுங்கக்கூடத் தெம்பில்லையா...

“என்னது அது, எலியா?” என்றாள் கூடையில் பூனையோடு எதிரே இருந்த பெண்மணி. “சுகர் கிளைடர்ங்க. அணில் மாதிரி, பறக்கும்” என்றான் அவன், முகம் லேசாக மலர்ந்தது, எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து, அதுவும் அந்நியப் பெண்மணிக்குத்தான் கிடைத்தது. “பறக்காது, தாவும்” என்றாள் இவள், அவனைப் பார்க்காமல். “எதுவா இருந்தாலும் மெதுவாச் சொல்லுங்கம்மா, நம்ம ஆளு காலையில இருந்து பட்டினி” என்று பெண்மணி கூடையைத் தட்டினாள், யாரும் சிரிக்கவில்லை, பட்டினி என்ற சொல் தரையில் விழுந்து அங்கேயே கிடந்தது. பொடிசு பட்டினி கிடக்கவில்லையே, தின்றுகொண்டுதானே இருந்தது, அதுதானே கூத்து. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் விரிப்புகளை இஸ்திரி போட்டுவிட்டு அவள் வீடு திரும்பும்போது அவன் கிளம்பிப் போயிருப்பான், விளக்கைப் போட்டதும் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெரிய கருங்கண்கள், அவள் சுண்டுவிரலைத் தேனில் தொட்டு நீட்டுவாள், அது இரண்டு கைகளாலும் விரலைப் பிடித்துக்கொண்டு நக்கும், அந்தப் பிடி, உலகத்தில் வேறு யாரும் அவளை அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். விடியற்காலையில் அவன் வந்து என்ன கொடுத்தான் என்று இன்றுதான் தெரிந்தது, டாக்டரம்மா கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, “உலர்ந்த திராட்சை... ரொம்பப் பிடிக்கும்ங்க” என்றான், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. அவனே காய்களை வேகவைத்து, முட்டையோடு மசித்து, சுண்ணாம்புச்சத்துப் பொடி கலந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பான், தினம் ஒரு கட்டி கிண்ணத்தில். பிறகு அவளிடம் ஒரு சொல் கேட்காமல் இரவு வேலைக்கு ஒப்புக்கொண்டு வந்தான், “அப்ப உங்களுக்கு வீடு எதுக்கு, அங்கேயே படுத்துக்குங்க” என்று அவள் சொன்னாள், அவனும் பேச்சை நிறுத்திக்கொண்டான், ஐஸ் தட்டு காலியானதும் அதை மறுபடி யார் நிரப்புவது என்று இருவரும் வீம்பாக இருந்தார்களா, அப்படிக்கூட இல்லை, நினைக்கவே இல்லை, அவள் மாலையில் பார்க்கும்போது கிண்ணம் காலி, நல்ல பிள்ளை, அப்பா வைத்ததைத் துடைத்துத் தின்றிருக்கிறது. அவன் காலையில் பார்க்கும்போதும் காலி. தின்று முடித்த கிண்ணமும் யாருமே வைக்காத கிண்ணமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்... வால் நுனி மொட்டையானபோதாவது தோன்றியிருக்க வேண்டும். தன் வாலைத் தானே கடித்துத் தின்றிருக்கிறது, மெத்தையில் ரோமம் கிடந்தது, முடி கொட்டுகிற காலம்போல என்று பெருக்கித் தள்ளினாள்.

“சாப்பாடு யார் வைக்கிறது?” என்று டாக்டரம்மா கேட்டதும் அவள் “இவர்தான்” என்றாள், அவன் “இவதான்” என்றான், ஒரே மூச்சில், கல்யாணமான புதிதில் இப்படித்தான் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். வெளிச்சப்பெட்டியில் பொடிசின் எலும்புகள், ஊதினால் அணைந்துவிடும்போல. “இடுப்புக்குக் கீழ எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கு. மருந்து தர்றேன், இனிப்ப அடியோட நிறுத்துங்க. ஆனா செயலிழந்துபோன பின்னங்கால் பழையபடி வரும்னு நம்பிக்கிட்டு இருக்காதீங்க. தாவ விடாதீங்க, தரையோட ஒரு சின்னக் கூண்டு போதும். இன்னொண்ணு, இது ஒத்தையா இருக்கக்கூடாத ஜாதி, தெரியுமில்ல?” “நாங்க ரெண்டு பேர் இருக்கோமேங்க” என்றான் அவன், நிஜமாகவே பதில் சொல்வதுபோல. டாக்டரம்மா சொட்டுமருந்தை அதன் வாயருகே நீட்டினாள், அது முகத்தைத் திருப்பிக்கொண்டது, பிறகு இவள் சுண்டுவிரலைத் தேடி மோந்தது, வெறும் விரல், அதை நக்கி நக்கிப் பார்த்தது.

வெளியே வெயில். படியில் நின்று அவன் தன் தோளை இரண்டுமுறை விரலால் தட்டினான், யோசிக்காமல், வேலையிலிருந்து வந்ததும் தட்டுவான்போல, அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாது, ஆனால் பைக்குள் இருந்ததற்குத் தெரிந்திருந்தது. தலை வெளியே வந்தது, முன்கைகள் பையின் விளிம்பைப் பற்றி எம்பின, தாவுகையில் சிறகாகும் பக்கச் சவ்வு விரியப் பார்த்தது, இடுப்புக்குக் கீழே எதுவும் வரவில்லை. மறுபடி எம்பியது. அவன் கை தோளிலேயே நின்றது. “விடுங்க, அதால முடியல” என்றாள் அவள், பல நாட்களுக்குப் பிறகு அவனிடம் நேராகச் சொன்ன வார்த்தை, குரல் தனக்கே மென்மையாகக் கேட்டது, ஏன் இத்தனை மென்மை, பையைக் கையால் மூடிக்கொண்டாள், விழுந்துவிடக்கூடாதே என்றுதான், அதற்காகத்தான்... இனி அவன் எவ்வளவு கூப்பிட்டாலும் இது அவனிடம் போகாது, இங்கேதான் இருக்கும். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது அழுகை இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கிற வேறேதோ, கதகதப்பாக, கிட்டத்தட்ட நிம்மதி மாதிரி, அதை அவன் பார்த்துவிடாமல் இருக்க அவள் முன்னால் நடந்தாள்.