காவேரியில் விட்ட மருந்து

ஸ்ரீரங்கம் அம்மாமண்டபப் படித்துறையில், ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த பஸீலா பாட்டிலை முக்கப்போனாள். பக்கத்துப் படியில் ஓர் அம்மாள் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிப் பிதுக்கி ஆற்றில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மருந்தைப் போயி ஆத்துல போடுவாங்களாம்மா?” என்று சுள்ளென்று கேட்டுவிட்டாள் பஸீலா.

“அவரு சாப்பிட்டது போக மிச்சம், பாப்பா. நேத்துதான் காரியம் முடிஞ்சுது. குப்பையில வீச மனசு வரல. அதான் காவேரித்தாய்கிட்ட விடுறேன்.”

பஸீலாவின் குரல் இறங்கிவிட்டது. “அவருக்கு என்ன ஆச்சு?”

“கால்ல புண்ணு. மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்தாங்க. எந்த மருந்துக்கும் கிருமி மசியலையாம்.”

இப்படி விழுகிற மருந்துக்குக் கொஞ்சங்கொஞ்சமாகப் பழகித்தான் ஆற்றிலும் சேற்றிலும் இருக்கும் கிருமிகள் மசியாமல் போகின்றன. ஆய்வுக்கூடத்தில் அவள் அன்றாடம் பார்க்கிற கூத்து அது. ஆனால் புருஷனைப் பறிகொடுத்து நிற்பவளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

கடைசி மாத்திரையும் தண்ணீருக்குள் மறைந்தது. அந்த அம்மாள் அதே இடத்தில் ஒரு கை அள்ளிக் குடித்தாள். மிச்சத்தைப் பஸீலாவின் தலையில் தெளித்தாள்.

“ஒரு நோயும் உன்னை அண்டாதும்மா.”