ரயில்வே கேட்டில் ஓசன்னா

ரத்தினபாயின் தொண்டையைப் பற்றி மேற்குத் தாம்பரத்தில் தெரியாதவர் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, அது தொண்டையே இல்லை, மில் சங்கு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஊசியில் நூல் கோக்கச் சொல்வதைக்கூடத் தெருக்கோடிக்குக் கேட்கும்படிதான் சொல்வாள். வெள்ளிக்கிழமை தவறாமல் டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போய், மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிற நோயாளிகளின் கட்டில் மேலேயே உட்கார்ந்து பாடுவாள்.

அவள் புருஷன் ஜீவரத்தினம் அதற்கு நேர் எதிர். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற மனுஷன். சபையில் யாராவது அவரை ஜெபம் பண்ணச் சொன்னால் கண்ணை மூடுவார். அவ்வளவுதான், வாய் திறக்காது. பக்கத்திலிருக்கும் ரத்தினபாய் எடுத்து முடித்துவைப்பாள்.

குருத்தோலை ஞாயிறு பவனி வருஷா வருஷம் அவர்கள் வீட்டு வாசலிலிருந்துதான் புறப்படும். பக்கத்து வீட்டு ஸ்ரீரங்கன் ஐயங்கார். ஆனாலும் பவனிக்கு ஓலை அவர் வீட்டுத் தென்னையிலிருந்துதான். ரத்தினபாய் முன்னால் நின்று, இயேசு ராஜாவை வரவேற்று "ஓசன்னா!" என்று குரல் கொடுப்பாள், ஓலையை ஆட்டிக்கொண்டு சபையார் எல்லாரும் "ஓசன்னா!" என்பார்கள். கடைத்தெரு வழியாக, ரயில்வே கேட்டைத் தாண்டி, கிழக்குத் தாம்பரத்துக் கோயில் வரைக்கும், நடுவே கொயர் பாட்டுக் குழு பாட, இப்படியே போகும்.

கேட் மூடியிருந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ரயிலில் இருக்கிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்களே என்று வெட்கம். அவளுக்கோ அதுதான் கொண்டாட்டம். "ரயில் முழுக்க ஜனம் இருக்கு, இப்ப விட்டா எப்பக் கேப்பாங்க?" என்று இன்னும் உச்சத்தில் பிடிப்பாள்.

"அக்கா, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க. கொயர் பாடுறது யார் காதுலயும் விழல" என்பார் சபைச் செயலாளர் எட்மண்ட்.

"விழலன்னா நீங்களும் சத்தமாப் பாடுங்க தம்பி!"

ஒவ்வொரு வருஷமும் இதே புகார், இதே பதில். ஜீவரத்தினம் எங்கே என்கிறீர்களா? கடைசி வரிசையில், அவளுடைய குடையையும் தண்ணீர்க் கூஜாவையும் தூக்கிக்கொண்டு வருவார்.

அவர் கடைசியில் நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டு வயதில் காமாலையில் போய்விட்டது. சனிக்கிழமை அடக்கம். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. ரத்தினபாய் எழுந்து முகம் கழுவி, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, ஓலையோடு முன்னால் போய் நின்றாள். கல்நெஞ்சுக்காரி என்று சில பெண்கள் அவள் காதுபடவே சொன்னார்கள். ஜீவரத்தினம் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க. எம் பிள்ளை போயிருக்கிற ஊருக்கு அவருதானே ராஜா. அவரைக் கூப்பிடாம நான் யாரைக் கூப்பிடுவேன்?" என்றாள்.

கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, குரல் மட்டும் உடையவில்லை. அவரால் கூட நிற்க முடியவில்லை. பின்னால் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு அவர் வாயில் ஓசன்னா வரவில்லை, அதற்கப்புறம் எந்த வருஷமும் வரவில்லை. விசுவாசம் இல்லாமல் இல்லை. தொண்டையில் அந்த இடம் அடைத்துப்போனது, அவ்வளவுதான்.

அறுபத்தெட்டாம் வருஷம் ரத்தினபாய் உடம்பில் நீர் கோத்துப் படுத்தாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஒரு நாள் புருஷனைக் கூப்பிட்டாள். அந்த நிலைமையிலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கிற குரல்தான்.

"பவனி நெருங்குது. அதுக்குள்ள நான் போயிட்டா என்னைப் பவனியிலயே முன்னால வெச்சுக் கூட்டிட்டுப் போங்க. மூக்கைச் சிந்திக்கிட்டு வராதீங்க. சத்தம் போட்டுக்கிட்டு வாங்க."

"சரி" என்றார். அவர் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

சரியாக, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனிக்கிழமை விடியற்காலையில் அவள் கண்ணை மூடினாள்.

மத்தியானத்துக்குள் எட்மண்ட் எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. பெட்டிக்குச் சொன்னவரும் அவர்தான், ஐஸ் கட்டி கொண்டுவந்தவரும் அவர்தான். "சாயங்காலமே அடக்கம் பண்ணிடலாம் அண்ணே. வேன் சொல்லியாச்சு. நாளைக்குப் பண்டிகை. பவனியைப் பள்ளிக்கூடத்து மைதானத்துல இருந்து எடுத்துக்கலாம்" என்றார்.

ஜீவரத்தினத்துக்குச் சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெட்டியில் கிடந்த அந்த முகத்தைப் பார்த்தார்.

"இல்ல தம்பி. நாளைக்கு... பவனியோட போகணும்னு கேட்டா. நான் சரின்னு சொல்லிட்டேன்."

அவர் 'இல்லை' என்று சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. எட்மண்ட் விடவில்லை.

"ஓசன்னா சந்தோஷக் குரல் அண்ணே. பெட்டிக்கு முன்னால நின்னு யாருக்கு வாய் வரும்? முதல் குரல் கொடுக்கிறவங்களே பெட்டியில இருக்காங்க. யாரு கொடுப்பா? நீங்களா?"

யாரோ ஒருத்தர் தன்னை மறந்து சிரித்தேவிட்டார். சாவு வீட்டில் சிரிப்பு! அந்தச் சிரிப்பு ஜீவரத்தினத்துக்குச் சுருக்கென்று தைத்தது. போதகர் தேவானந்தம் இளவயசுக்காரர். அவர் ஜீவரத்தினத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, பவனியோடவே போகலாம். அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா எட்மண்ட் அண்ணன் கேக்கிறதும் நியாயம். நீங்க குரல் கொடுத்தா ஜனங்க பின்னால கொடுப்பாங்க. நீங்க கொடுக்கலைன்னா இது வெறும் சாவு ஊர்வலம். அக்கா அதைத்தான் வேணாம்னாங்க. உங்களால முடியுமா?"

"நான் கொடுக்கிறேன்" என்றார் ஜீவரத்தினம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீரங்கன் குருத்தோலைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வேலியோரம் நின்றார்.

"சார், ஓலை வெட்டிட்டேன். என் ஆத்துக்காரி பட்டுவே தோரணம் பின்னித் தரேங்கறா. கல்யாணத்துக்கு ஒரு மாதிரி பின்னுவா, அதுக்கு... வேற மாதிரி பின்னுவா. எப்படிப் பின்னச் சொல்லட்டும்?"

ஜீவரத்தினம் யோசிக்கவே இல்லை. "கல்யாணத்துக்குப் பின்றாப்பலயே பின்னச் சொல்லுங்க சார்."

ஸ்ரீரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படித்தான் இருக்கணும்னு அவளும் சொன்னா" என்று திரும்பி நடந்தார். பெட்டியைச் சுற்றிக் கல்யாணத் தோரணம் ஏறியது.

பவனி புறப்பட்டது. முன்னால் பெட்டி, நாலு பேர் தோளில். அதற்கும் முன்னால் ஓலையோடு ஜீவரத்தினம். முப்பது வருஷமாகக் கடைசியில் நடந்த கால்களுக்கு முன்வரிசை பழக்கமில்லை, பின்னிக்கொண்டன. வாசலில் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தெருமுனையில் மறுபடியும் திறந்தார். "ஓ" என்று ஒரு முனகல் வந்து அப்படியே நின்றது. சபையார் ஓலைகளைத் தாழ்த்திப் பிடித்தபடி பேசாமல் நடந்தார்கள். கடைத்தெருவில் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாருடைய சாவு ஊர்வலமும் இப்படித்தானே போகும்! ரத்தினபாய் வேண்டாம் என்று சொன்னது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. 'ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டா. அதுகூட என்னால முடியலையே' என்று அவருக்குள் வெந்தது. எட்மண்ட் பின்னால் பெருமூச்சு விட்டது அவர் காதில் விழுந்தது.

கேட் மூடியிருந்தது. மூடாமல் இருக்குமா?

டி.பி. ஆஸ்பத்திரியிலிருந்து எட்டுப் பத்துப் பேர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அங்கே காத்திருந்தார்கள். அவர்கள் பெட்டியைப் பார்த்துக் கும்பிடுவதற்குள் கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. தடதடவென்று பெட்டி பெட்டியாகப் போகிறது, முடிகிற வழியைக் காணோம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்த இரைச்சலில்தான் ஜீவரத்தினத்துக்கு அந்த யோசனை வந்தது. இப்போது கத்தினால் யாருக்கும் கேட்காதே!

கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார். "ஓசன்னா!"

அவருக்கே கேட்கவில்லை. தைரியம் வந்துவிட்டது. இன்னொரு தடவை கத்தினார். தொண்டை கிழிந்துவிடும்போல் வலித்தது. அந்த வலி நன்றாக இருந்தது. செத்துப்போன குழந்தைக்காக ஒரு தடவை, கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்கியவளுக்காக ஒரு தடவை, பின்னால் ஒளிந்து நடந்த இத்தனை வருஷங்களுக்காகவும் சேர்த்து அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினார். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி கடந்து போனது அவருக்குத் தெரியவில்லை.

"ஓசன்னா!"

சத்தமெல்லாம் அடங்கின கேட்டடியில் அந்த ஒற்றைக் குரல் கணீரென்று ஒலித்தது. ஜீவரத்தினம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். அடுத்த தண்டவாளத்தில் சிக்னலுக்காக ஒரு மின்சார ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள், எல்லாக் கண்களும் அவர் மேல். பழைய ஜீவரத்தினமாக இருந்தால் பூமிக்குள் புதைந்திருப்பார்.

'ரயில் முழுக்க ஜனம் இருக்கு' என்று அவள் குரல் காதுக்குள் கேட்டது.

ஓலையைத் தலைக்கு மேல் தூக்கினார். "ஓசன்னா!"

"ஓசன்னா!" என்றது சபை. ஐயோ, அது என்ன சத்தம்! அத்தனை வருஷத்திலும் ரத்தினபாய்க்குக்கூட அப்படி ஒரு பதில் வந்ததில்லை. பெட்டி தூக்கினவர்கள் கத்தினார்கள், அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுதபடியே கத்தினார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மூச்சு வாங்கியது, விடவில்லை. ஓரமாக வந்துகொண்டிருந்த ஸ்ரீரங்கன் தானும் ஒரு ஓலையைத் தூக்கி ஆட்டினார். ரயிலில் யாரோ கை கூப்பினார்கள், யாரோ கை ஆட்டினார்கள்.

சிக்னல் விழுந்து ரயில் நகர்ந்தது, கேட் திறந்தது. தாழ்ந்திருந்த ஓலைகள் எல்லாம் நிமிர்ந்து, மஞ்சள் மஞ்சளாக வெயிலில் ஆடிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தன. ஜீவரத்தினம் இப்போது வேகமாக நடந்தார். கன்னத்தில் கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. குரல் உடையவில்லை. பத்தடிக்கு ஒரு தடவை குரல் கொடுத்தார், சபை பதில் கொடுத்தது.

கோயில் கோபுரம் தெரிகிற இடத்தில் எட்மண்ட் மூச்சிரைக்க ஓடிவந்து அவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

"அண்ணே, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க" என்றார். சொல்லும்போதே அவருக்கு உதடு துடித்தது. "கொயர் பாடுறது யார் காதுலயும் விழல."

ஜீவரத்தினம் பெட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"விழலன்னா நீங்களும் சத்தமாப் பாடுங்க தம்பி!" என்றார்.