மந்திரிச் சிப்பாய்க்கு அண்ணி சொன்ன பதில்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூரில், கொம்யூன் என்ற ஊராட்சியின் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த உலகநாதனுக்குச் சதுரங்கம் என்றால் உயிர். பாரிஸிலிருந்து ஒரு சதுரங்கப் பத்திரிகையைக் கப்பலில் வரவழைத்துப் படிப்பான். ராணி என்றும் சொல்லப்படும் மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை முதலில் இரண்டு கட்டம் தள்ளுவதுதான் ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்களிடம் இப்போதைய மோஸ்தர் என்று அதில் படித்தான். அதன்பிறகு அவன் வேறெந்தக் காயையும் முதலில் தொட்டதில்லை. பாகூரில் அவனை ஜெயிக்க ஆளும் இல்லை.

1926 ஜூனில் அவன் மனைவி ஆதிலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒத்தாசைக்குப் பண்டசோழநல்லூரிலிருந்து அவனுடைய அண்ணன் மனைவி செங்கமலம் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தனியாகக் காய் நகர்த்திக்கொண்டிருந்தவன் எதிரில் கீரைத் தட்டோடு வந்து நின்றாள்.

"ஒண்டியா ஆடறீங்களே தம்பி. நான் வரட்டுமா?"

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"எங்கப்பா வூட்டுல மழைக்காலம் பூரா இதான்."

உலகநாதன் சிரித்துக்கொண்டே மந்திரிச் சிப்பாயைத் தள்ளினான். செங்கமலம் எதிரே சிப்பாயை நிறுத்தவில்லை. குதிரையை வெளியே எடுத்தாள். அடுத்து ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, அந்தச் சந்தில் மூலைவிட்டமாகப் போகும் தேரை உட்காரவைத்தாள்.

"நடு எடத்தை எனக்கே வுட்டுட்டீங்களே!"

"வளைச்சுக்குங்க தம்பி."

வளைத்துக்கொண்டான். நான்கு சிப்பாய்கள் கம்பீரமாக நடுவில் நின்றன. அரை மணி கழித்து ஒவ்வொன்றாக விழுந்தன. அன்று தோற்றான். அடுத்த இரண்டு நாளும் தோற்றான்.

"நாலு காணி வளைச்சீங்க, சரி. காவலுக்கு ஆள் வெச்சீங்களா?" என்றாள் செங்கமலம். உள்ளேயிருந்து ஆதிலட்சுமி சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

உலகநாதனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பட்டிக்காட்டு ஆட்டம், ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஜூலை முதல் வாரம் ஆபீசுக்குப் புதுப் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே திக்கென்றது. மந்திரிச் சிப்பாய் ஆட்டத்துக்குப் பெரிய ஆட்டக்காரர்கள் இப்போது கண்டிருக்கும் புதுப் பதில் என்று ஒரு கட்டுரை. முதலில் குதிரை, பிறகு ஒரு கட்டச் சிப்பாய், சந்தில் தேர். அச்சிட்டிருந்த படம் அவன் வீட்டுப் பலகையேதான்.

வீட்டில் வேறு யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. மடித்து வைத்துவிட்டால் போயிற்று. வீடு வந்து சேரும்வரை அப்படித்தான் நினைத்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வெட்கமாக இருந்தது. அடுப்படிக்கே போய் வரிவரியாகப் படித்துச் சொன்னான்.

"பேரே இந்தியத் தற்காப்புன்னு வெச்சிருக்கான் அண்ணி!"

"இதைச் சொல்லவா இம்மாந்தூரம் கப்பல்ல வந்துது?" என்றாள் அவள், குழம்பைக் கிளறியபடி.

ஜூலை பதினான்கு, பிரெஞ்சு தேசியத் திருநாள் கொண்டாட்டத்தில் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களுக்குள் சதுரங்கப் போட்டி, வில்லியனூரில். பாகூர் சார்பில் உலகநாதன் பெயர்தான் கொடுத்திருந்தது. அதை அண்ணி பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

"அய்யோ, அத்தினி ஆம்பளைங்க நடுவுலயா?" என்று செங்கமலம் பதறினாள்.

"போயிட்டு வாக்கா. ஒரு நாள் கஞ்சி நானே வெச்சுக்கறேன்" என்றாள் ஆதிலட்சுமி.

விடியலில் வண்டி கட்டிப் போனார்கள். எதிராளி வில்லியனூர்ப் பள்ளி ஆசிரியர் மரியதாஸ். பெண்ணைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். பிறகு மந்திரிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். செங்கமலம் குதிரையை எடுத்தாள்.

"பயந்துட்டாங்கப்பா" என்றது கூட்டம்.

பின்னால் நின்ற உலகநாதன் தன் ஆட்டத்தைக்கூட இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. ஓரிடத்தில் அவள் வெகுநேரம் யோசித்தாள். நல்ல நகர்த்தல் ஒன்று அவனுக்குத் தெரிந்தது. சொல்ல முடியாமல் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அதைச் செய்யவில்லை. செய்தது அதைவிட நல்லதாக இருந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் மரியதாஸ் தோல்வியை ஒப்புக்கொண்டு தம் ராஜாவைத் தாமே படுக்கவைத்தார்.

"இது எந்தப் புஸ்தகத்துலம்மா இருக்குது?"

"எங்க கொழுந்தனாரு வெச்சிருக்காரு, கேட்டு வாங்கிப் படிங்க" என்று செங்கமலம் பெருமையோடு உலகநாதனைக் காட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மரியதாஸ் சைக்கிளை மிதித்துக்கொண்டு பாகூருக்கு வந்துவிட்டார். அவளிடம் இரண்டு ஆட்டம் தோற்று, மூன்றாவதில் ஜெயித்தார். யாருக்கும் எழுந்திருக்க மனமில்லாததால் அன்று உலகநாதன்தான் சோறு வடித்தான். குழைந்துபோயிருந்தது. பலகையைப் பார்த்தபடியே எல்லோரும் சாப்பிட்டார்கள்.