எல்லை தாண்டிய அறை

கொத்தனாரின் மகள் விடுமுறைக்கு வந்தால் படுக்கும் அறை, ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் வீட்டை விட்டுப் போய்விட்டது. சத்தம் ஒன்றும் இல்லை. கூடத்துச் சுவரில் அறையளவுக்கு ஒரு ஓட்டை, அதற்கப்பால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி, அவ்வளவுதான். மகள் அதற்கு முன்பே போயிருந்தாள். நர்ஸ் வேலை பார்க்கும் அவள் அம்மா, வேறு மாநிலத்து ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததும் யாரிடமும் மூச்சு விடாமல் பிள்ளையோடு எல்லை தாண்டிவிட்டாள். அவளும் கொத்தனாரும் பிரிந்தபோது கோர்ட் தெளிவாகத்தான் சொல்லியிருந்தது: பள்ளி நாட்களில் அம்மாவிடம், விடுமுறையில் அப்பாவிடம். விடுமுறை வந்தது, பிள்ளை வரவில்லை.

கோர்ட்டில் போய் நின்றார் கொத்தனார். இந்த உத்தரவு அந்த மாநிலத்தில் செல்லாது, அங்குள்ள கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார்கள். இதற்கிடையில் ஒரு லாரி டிரைவர் சேதி கொண்டுவந்தார். அங்கே நர்ஸ் குடியிருக்கும் மாடிவீட்டின் பின்புறம் தூண் இல்லாமல் ஒரு அறை ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம், ஜன்னல் கம்பியில் கொத்தனார் அடித்த அதே பச்சைப் பெயிண்டாம். உத்தரவுகளை நிறைவேற்றும் கோர்ட் அமீனா இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க போய் ஒட்டினாலும் அது நம்ம ஊர் வீட்டோட அறைதானே? பிள்ளை அதுக்குள்ள கால வெச்சா நம்ம உத்தரவு செல்லும். கெளம்புங்க."

நர்ஸுக்கும் இந்த விவரம் எப்படியோ எட்டியிருந்தது. மகளை அந்த அறைப்பக்கமே விடாமல் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டாள். அந்த ஊர் போய்ச் சேர்ந்ததும் கொத்தனார் மாடிக்கு ஏணி சாத்தி, தாம் வைத்த ஜன்னல் வழியே தம் அறைக்குள் இறங்கினார். அமீனா ஏணியிலேயே நின்றார். சத்தம் கேட்டு உள்கதவைத் திறந்தாள் மகள். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று, இந்தப் பக்கம் வரத் துடித்துக்கொண்டு, கால்விரல்களால் படியைப் பற்றிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"கூப்பிடுங்க," என்று கிசுகிசுத்தார் அமீனா. "ஒரு எட்டு போதும்."

அந்த ஒரு எட்டுக்காகத்தான் கொத்தனார் சோறு தண்ணி மறந்து வந்திருந்தார். ஆனால் அந்த விரல்களைப் பார்த்தபோது, அப்பா கூப்பிட்டுப் போய் மாட்டிக்கொண்டவள் இனி எந்த வாசலையும் நம்பித் தாண்ட மாட்டாள் என்று பட்டது. கையை உயர்த்தினார்.

"அங்கயே நில்லும்மா. உங்கம்மாவக் கூப்பிடு."

நர்ஸ் ஓடிவந்து மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். "தூக்கிட்டுப் போகத்தானே வந்தீங்க?"

"ஆமா. அதுக்குத்தான் வந்தேன். இப்ப எறங்கிப் போறேன். உங்க ஊர் கோர்ட்லயே பதியறேன், நீ வந்து நில்லு."

"என் இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம்," என்று முனகிக்கொண்டே அமீனா முதலில் இறங்கினார்.

பதிவாக இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டு ஓட்டையில் மழை அடித்தது, புறா குஞ்சு பொரித்தது. ஊருக்கெல்லாம் சுவர் வைக்கிறவர் தன் வீட்டை இப்படிப் போட்டிருக்கிறாரே என்று தெருவே சிரித்தது. "சுவர் வெச்சுட்டா அது வந்து எங்க ஒட்டும்?" என்பார் கொத்தனார். கடைசியில் அந்த மாநிலத்து நீதிபதி மாடிக்கே வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, உத்தரவு இங்கேயும் செல்லும் என்று எழுதினார். அறைக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை. ஆனாலும் விடுமுறையின் முதல் நாள் காலையில் அது வந்து ஓட்டையில் பொருந்தி நின்றது. உள்ளே, முந்தின ராத்திரி அம்மாவே படுக்க வைத்த மகள், ஒரு சாண் வளர்ந்தவளாய்த் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அறை வருஷம் தவறாமல் வந்தது. ஒருமுறை சற்று முந்திக் கிளம்பிவிட, மகளின் துணியை மடித்துக்கொண்டிருந்த நர்ஸும் கூடவே வந்து சேர்ந்தாள்.

"எனக்கு டியூட்டி இருக்கு," என்றாள், கூடத்தில் நின்றவரைப் பார்த்து.

"மத்தியானம் பஸ் இருக்கு. டீய குடி மொதல்ல."

குடித்தாள். கொத்தனாரும் மகளும் போய் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்கள். விடுமுறை முடிந்த காலையில் அறை மகளோடு கிளம்பிப் போயிற்று. கொத்தனார் உதிர்ந்து கிடந்த சுண்ணாம்பைப் பெருக்கி அள்ளிவிட்டு வேலைக்குப் போனார்.