ஜவ்வாதுக்கு அஞ்சிய ஈக்கள்

வாருங்கள் பெரியோர்களே, வாருங்கள் தாய்மார்களே! வந்து இந்தக் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். மைனஸ் எழுபது டிகிரியில் கல்லாய் உறைந்து கிடக்க வேண்டிய சின்னஞ்சிறு குழாய்கள், கலங்கிய நீரில் மிதப்பதைப் பாருங்கள். உள்ளே பேரழிவு, வெளியே பெட்டியின் நெற்றியில் குளிரக் குளிரச் சந்தனம், நடுவே குங்குமம், கழுத்தென்று கருதப்பட்ட இடத்தில் செவ்வந்தி மாலை! உயிரற்ற பெட்டிக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று சொல்லி, ஒரு பெண்ணின் ஓராண்டு உழைப்பைக் கரைத்து ஊற்றிய இந்த அநியாயத்துக்குச் சாட்சியாக நில்லுங்கள். நின்று முழுக்கக் கேளுங்கள். இடையில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப்படும்.

பெண்ணின் பெயர் ஹம்சவேணி. வீடு மதுரைப் பழங்காநத்தத்தில். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில், கடலைக்காடுகளுக்கு நடுவே ஓர் அறக்கட்டளை எழுப்பிய உயிரியல் ஆய்வு நிலையத்தில் அவள் மூலக்கூறு உயிரியலாளர். ஆராய்ந்தது மூளையை. மனித மூளை என்று மயங்க வேண்டாம். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றிச் சுற்றி வருமே, அந்தப் பழ ஈயின் மூளை. கசகசாவிலும் சிறிதான அந்த மூளைக்குள், நேற்றைய நினைவு இன்றைக்கு எப்படி வந்து சேருகிறது என்பதே அவளுடைய கேள்வி.

அடி வாங்கிய மாத்திரத்தில் எந்த ஈயும் பாடம் கற்கும். அந்தப் பாடம் மறுநாள்வரை நிலைக்க வேண்டுமானால், மூளையின் உயிரணுக்களுக்குள் தூங்கிக் கிடக்கும் சில மரபணுக்கள் விழித்து வேலை செய்தாக வேண்டும். அவற்றைத் தட்டி எழுப்பும் புரதம் ஒன்று உண்டு. விளக்குக்குச் சுவிட்சு எப்படியோ, அப்படி. ஹம்சவேணியிடம் இரண்டு வகை ஈக்கள் இருந்தன. ஒரு வகைக்குச் சுவிட்சு வேலை செய்யும். அது வாங்கிய அடியை மறுநாளும் மறக்காது. இன்னொரு வகைக்குச் சுவிட்சு அடைபட்டது. அது பொழுது சாய்வதற்குள் மறந்துவிட்டு, அடிபட்ட இடத்துக்கே அசடாய்த் திரும்பி வரும்.

ஈக்குப் பாடம் நடத்துவது வாசனையால். ஒரு வாசனையை ஊதும்போது மெல்லிய மின்னதிர்ச்சி கொடுப்பாள். மற்றொரு வாசனைக்கு ஒன்றும் கிடையாது. மறுநாள், முச்சந்திபோல் பிரியும் கண்ணாடிக் குழாயில் ஈக்களை விட்டு, இரு பக்கமும் இரு வாசனைகளைப் பம்பால் ஊதுவாள். நினைவுள்ள ஈ, அடி தந்த வாசனையை விட்டு ஓடும். இதற்கென்று வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய திரவங்கள் சுங்கத்தில் சிக்கிக்கொண்டபோது, ஆய்வக உதவியாளர் விருமாண்டி மதுரைக் கடைவீதியில் அலைந்து இரண்டு பொருள்களை வாங்கி வந்தார். ஒன்று யூகலிப்டஸ் தைலம். மற்றது ஒரு சின்னச் சிமிழ்.

“வாசனைன்னா இதுதேன் மேடம் வாசனை. ஜவ்வாது! நம்ம டைரக்டரு இதைப் பூசிக்கிட்டு வாசக் கேட்டுல நுழையுறப்பவே மாடிக்குத் தெரியுதுல்ல? அம்புட்டுப் பவரு!”

அடிக்கான வாசனையாக ஜவ்வாதே அமைந்தது. இயக்குநர் ராஜாராம் அறைக்குள் வந்தால் ஆராய்ச்சி கெடும் என்பதால், ‘வாசனை பூசியோர் உள்ளே வரக் கூடாது’ என்று கதவில் எழுதி ஒட்டினாள் ஹம்சவேணி. இயக்குநர் அதைப் படித்துவிட்டு மனமாரப் பாராட்டினார்.

“இதுதாம்மா டிசிப்ளின். யாரு அது, லேபுக்குச் சென்ட் போட்டுக்கிட்டு வர்றது? பேரைச் சொல்லு, மெமோ கொடுக்கிறேன்.”

“சார்… நீங்கதான்…”

“நானா? இது சென்ட் இல்லம்மா, சாமிக்குச் சாத்தினது. பிரசாதம்!”

பிரசாதமானால் மணக்காது என்ற இந்த விஞ்ஞானத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்றாரோ! ஹம்சவேணி நேரே கடைக்குப் போனாள். கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள்.

இந்த நிலையில்தான், ஆய்வுத் திட்டத்தை நீட்டிப்பதா, இழுத்து மூடுவதா என்று தீர்மானிக்க டெல்லியிலிருந்து ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. தலைவர், சுந்தரவல்லி என்னும் மூத்த விஞ்ஞானி. மூடிவிட்டால் ஈக்களுக்குச் சாக்கடை. ஹம்சவேணிக்கு, பழங்காநத்தத்து வீட்டில் பெண் பார்க்க வரிசையில் நிற்கும் கூட்டம். ஆகவே அவள் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். மரபணுக்கள் விழித்ததற்கும் விழிக்காததற்குமான சான்று, ஈத்தலைகளாகக் குளிர்பெட்டியில் உறைந்திருந்தது. குழு வருவதற்கு முந்தின நாள் காலையில் இரு வகை ஈக்களுக்கும் ஜவ்வாதுப் பாடம் நடத்தி முடித்தாள்.

அன்று மாலை ஆயுத பூஜை. விடுமுறைக்கு முன்பே அலுவலகத்தில் போட்டுவிடுவது வழக்கம் அல்லவா? நுண்ணோக்கிக்குப் பட்டை, தராசுக்குப் பொட்டு, குளிர்பெட்டிக்கு மாலை, பம்புக்குச் சந்தனம். பொரியும் கடலையும் எல்லாருக்கும் கிடைத்தன. ஹம்சவேணியும் ஒரு கை வாங்கித் தின்றாள். பொரியோடு அவளுக்குப் பகையில்லை. கற்பூரம் அணைந்ததும் இயக்குநர் ஆணையிட்டார்.

“விருமாண்டி, மெயினை இறக்கு. நாளைக்குக் காலையில நல்ல நேரம் பார்த்துத்தான் எல்லாம் ஓடணும்.”

ஹம்சவேணி மிச்சப் பொரியைத் தட்டில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “சார், ஃப்ரீசர் மட்டும் வேணாம் சார்! ஒரு வருஷ சாம்பிள் இருக்கு. உருகினா எல்லாம் போச்சு.”

“ஒரு வருஷமா ஓயாம ஓடுதே, பாவம். ஒரு ராத்திரி தூங்கட்டும். உனக்கு லீவு வேணும், அதுக்கு வேணாமா?”

“அதுக்கு உசிரு இல்ல சார். உள்ள இருக்கறதுக்குத்தான் உசிரு இருந்துச்சு.”

“ஆயுதத்தை இன்னைக்குத் தொடக் கூடாதும்மா. காலம் காலமா நடக்கிற வழக்கம். நீ படிச்ச பொண்ணு, இது தெரியாதா?”

விருமாண்டி தலையைச் சொறிந்தார். “அப்ப உங்க ரூமு ஏசியும் ஓடாதுல்ல சார்?”

“அது தனி லைன்,” என்றார் இயக்குநர்.

சுவிட்சுப் பலகை இருந்த அறை பூட்டப்பட்டது. சாவி இயக்குநரின் சட்டைப்பைக்குள் போயிற்று. புகை சூழ்ந்த கட்டடத்தில் ஈக்களை விட்டுவைக்க மனமின்றி, பாடம் படித்த ஈக்கள் இருந்த குழாய்களை வயர்கூடையில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள் ஹம்சவேணி.

“கூடையில என்னம்மா?” என்றார் கண்டக்டர்.

“ஈ.”

“ஈயா? ஊரே வெரட்டுது, நீங்க பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போறீங்க!”

“சாதாரண ஈ இல்லண்ணே. படிச்ச ஈ.”

“படிச்சதா? அப்ப வேலை கெடைச்சிருச்சா அதுக்கு?”

பஸ்ஸே சிரித்தது. ஹம்சவேணிக்கும் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது. ஈக்கு வேலை இருக்குமா, தனக்கு இருக்குமா என்பது மறுநாள்தான் தெரியும்.

மறுநாள் காலையில் அவள் கண்ட காட்சியைத்தான் நீங்கள் முதலிலேயே கண்டீர்கள். உருகி ஓடியது ஓராண்டு. அழுவதற்கும் அவகாசமில்லை. நல்ல நேரத்தில் மின்சாரம் வந்தது, பம்பை ஓட்டினாள். அது ஒரு முறை முக்கியது, ஒரு முறை முனகியது, அடங்கிவிட்டது. காற்றுத் துளை முழுக்கச் சந்தனம் இறுகியிருந்தது.

“ஒரு ஓட்டை இருந்துச்சு மேடம், மூக்கு மாதிரி,” என்று விருமாண்டி குழைந்தார். “அது பக்கத்துல பொட்டு நல்லா நிக்கணும்ன்டு கொஞ்சம் அழுத்தி அப்பிட்டேன்.”

குழு வந்துவிட்டது. சுந்தரவல்லி குளிர்பெட்டியைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஹம்சவேணியைப் பார்த்தார்.

“சாம்பிள் இல்லை. பம்ப் இல்லை. என்னதான் இருக்கு?”

“ஈ இருக்கு மேடம்.”

வெளிச்சம் ஈயை ஈர்க்கும் என்பதால், இருட்டறையில், ஈயின் கண்ணுக்கு எட்டாத மங்கிய சிவப்பு விளக்கின்கீழ் சோதனைக் குழாய் வைக்கப்பட்டது. இரு முனைகளிலும் வலை மட்டும்; ஊதுவதற்குக் காற்றில்லை. சுவிட்சு வேலை செய்யும் ஈக்களை உள்ளே விட்டாள். அவை இரு பக்கமும் சமமாகப் பரவி, கால்களைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தன. இனி என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார் இயக்குநர். டெல்லி விருந்தினர் வந்த நாளல்லவா? பிரசாதம் அன்று இரு மடங்கு.

“மேடம், எங்க பாரம்பரியத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை…” என்று குழாயின் இடது முனைமேல் குனிந்தார்.

அவ்வளவுதான். இடப்பக்கத்து ஈக்கள் அத்தனையும் எழுந்து வலப்பக்கம் ஓடின. அடித்துப் பிடித்து ஓடின. சுந்தரவல்லி நாற்காலியை முன்னே இழுத்தார்.

“சார், கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்களேன்,” என்றார் அவர்.

இயக்குநர் வலப்பக்கம் வந்தார். ஈக்கள் இடப்பக்கம் ஓடின.

“திரும்பவும் இங்கே.”

அவர் வந்தார். அவை ஓடின. பம்புக்குப் பதிலாக ஓர் இயக்குநரே இயந்திரமாகி இப்படியும் அப்படியும் நடந்த காட்சியை விஞ்ஞான உலகம் அதற்குமுன் கண்டதில்லை.

“இப்ப நான் குனியறேன்,” என்றார் சுந்தரவல்லி. ஓர் ஈகூட அசையவில்லை. “ஆக, ஆளுக்குப் பயமில்லை. நீங்க என்ன பூசியிருக்கீங்க சார்?”

“ஒண்ணும் பூசல மேடம். பிரசாதம்தான்.”

“ஜவ்வாது மேடம்,” என்றாள் ஹம்சவேணி. “நேத்து காலையில ஜவ்வாதோடதான் ஷாக் கொடுத்தேன்.”

அடுத்து, சுவிட்சு அடைபட்ட ஈக்கள். இயக்குநர் குனிந்தார், அவை ஓடவில்லை. சில அவர் மூக்குக்கு நேரே வலையில் வந்து சொகுசாக உட்கார்ந்தன.

“இதுங்களும் நேத்து அதே அடிதான் வாங்கிச்சு மேடம். மறந்துபோச்சு.”

“அப்போ,” என்று சுந்தரவல்லி நிதானமாகச் சொன்னார், “ஞாபகம் இருக்கறவங்க சாரை விட்டு ஓடறாங்க. ஞாபகம் இல்லாதவங்க சார் பக்கத்துலயே இருக்காங்க.”

இருட்டில், இயக்குநருக்குப் பின்னால் பணிவோடு நின்றிருந்த விருமாண்டி ஓசையில்லாமல் விலகிச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

திட்டம் நீட்டிக்கப்பட்டது. ஹம்சவேணி வென்றாள். அப்படியானால் அநியாயம் எங்கே என்கிறீர்களா? விடுமுறை முடிந்து கூடிய பாராட்டுக் கூட்டத்தில் இயக்குநர் பேசியதைக் கேளுங்கள்: “பூஜை போட்டோம், புராஜெக்ட் கிடைத்தது. அடுத்த வருஷம் மிஷின்களுக்கு ரெண்டு நாள் ஓய்வு!” கைதட்டினார்கள் ஐயா, கைதட்டினார்கள்! குளிர்பெட்டிக்குள் எல்லாம் உருகியதை அறிந்த அத்தனை பேரும், மாலைக்குள் மறந்த ஈக்களைப் போல அவர் பக்கத்தில் நின்று கைதட்டினார்கள்.

“சார், அந்த ஒரு வருஷ சாம்பிள்?” என்று எழுந்து கேட்டாள் ஹம்சவேணி.

“போனது போகட்டும்மா. நல்ல நாள்ல அதைப் பேசாதே.”

அவள் உட்காரவில்லை. “அடுத்த வருஷம் அந்தச் சுவிட்சு ரூம் வாசல்ல நான் நிப்பேன் சார்,” என்றாள். “பொரி வாங்கிக்கிறேன். ஆனா நகர மாட்டேன்.”

நிற்பாள். ஆனால் ஒருத்தியாக நின்றால் தள்ளிவிட்டுப் போவார்கள். ஆகவே உங்களிடம் கேட்கப்படுவது இதுதான். வரும் ஆயுத பூஜையன்று உங்கள் ஊர் ஆய்வுக்கூடத்துக்குப் போங்கள். ரத்த வங்கிக்குப் போங்கள். தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டியின் அருகே போங்கள். பொட்டு வைத்தால் வைக்கட்டும். மாலை போட்டால் போடட்டும். சுவிட்சை நோக்கி ஒரு கை நீண்டால், அந்தக் கையைப் பிடியுங்கள். அன்றுவரை இதை மறக்காதீர்கள்!